மாடி அறையின் வெக்கையை மேலேயே நிறுத்த வேண்டும்

சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மதியம் 12.20 மணி வாக்கில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. இந்த இரண்டு ஊர்களும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரை டிகிரியில் இருப்பதால் ஏப்ரல் நடுவில் ஒருமுறையும், ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சில வாரங்கள் கழித்து ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறையும் இது நடக்கிறது. இடையில் உள்ள நாலரை மாதத்தில் உச்சிவேளைச் சூரியன் கொஞ்சம் வடக்கே ஒதுங்கும். ஆனால் 14 டிகிரிக்கு மேல் அது விலகிப் போவதே இல்லை. நேர் உச்சியில் நிற்கும் வெயில் சுவரில் விழாது, ஜன்னல் வழியாகவும் நுழையாது. முழுவதும் மொட்டைமாடியில்தான் விழும். இந்த ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. பக்கவாட்டில் வெயில் படவே வழியில்லாத அந்த நீள வீடுகளில் வானத்தைப் பார்த்திருக்கும் பெரிய பரப்பு மேல்தளம் ஒன்றுதான். அப்படியிருந்தும், மாடி அறை தாங்கவில்லை என்றால் நாம் முதலில் யோசிப்பது இன்னொரு மின்விசிறி, ஜன்னலுக்குத் திரை, கையில் காசிருந்தால் ஒரு ஏசி. எல்லாமே அறைக்குள் செய்யும் வேலைகள். வெக்கை உள்ளே இறங்கிய பிறகு அதோடு மல்லுக்கட்டுவதைவிட, தளத்தின் மேல்முகத்திலேயே அதைத் தடுப்பது செலவிலும் சுலபம், பலனிலும் பெரிது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே இது விளங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் மேல்தளம் சுமார் 11 சதுர மீட்டர். தெளிந்த வானமுள்ள கோடை மதியத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் ஏறத்தாழ ஆயிரம் வாட். அழுக்கேறிச் சாம்பல் நிறமாகிவிட்ட சிமெண்ட் பரப்பு அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் நிழலில் 38 டிகிரி இருக்கும் நாளில் மொட்டைமாடித் தரை 60 டிகிரியைத் தொடுகிறது, வெறுங்காலோடு இரண்டு அடி வைக்க முடிவதில்லை. உறிஞ்சியதில் பெரும்பகுதியைக் காற்றும் வானமும் எடுத்துக்கொண்டாலும், நாலைந்து அங்குலம் மட்டுமே கனமுள்ள வெறும் கான்கிரீட் தளத்தின் வழியாக உச்சநேரத்தில் ஆயிரம் வாட்டை ஒட்டி அறைக்குள் இறங்கும். சூடேறிய இஸ்திரிப்பெட்டி ஒன்றை அறை நடுவில் வைத்து, அணைக்காமல் விட்டுவிட்டுப் போவதற்குச் சமம் இது. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட். அதில் கால்பங்குக்கும் மேலான உழைப்பு கூரையோடு போராடுவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

பகலோடு இது முடிவதில்லை என்பதுதான் பெரிய துன்பம். அதே அறையின் மேல் இருக்கும் கான்கிரீட்டின் எடை இரண்டரை டன்னுக்கு மேல். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது 15 டிகிரி சூடேறினால், அதற்குள் சேர்ந்திருக்கும் வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 10 யூனிட். வெயில் தாழ்ந்த பிறகு இந்தச் சேமிப்பில் ஒரு பங்கு வானத்துக்கும், மீதி படுத்திருப்பவர்கள் மேலும் இறங்குகிறது. இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் காற்று இதமாக இருக்கும்போது மாடி அறைக்குள் கால் வைத்தால் மூச்சு முட்டுவது இதனால்தான். நம் தோலின் சூடு 33, 34 டிகிரி; மேலே உள்ள தளத்தின் அடிப்பரப்பு 40 டிகிரி. அந்த வித்தியாசம் காற்றின் துணையில்லாமலேயே நேரடியாக உடம்பில் இறங்கும். மின்விசிறி வியர்வையை உலர்த்தும், அந்த அளவுக்கு ஆறுதல்தான். ஆனால் தளத்தை ஒட்டித் தேங்கியிருக்கும் வெக்கையைத்தான் அதுவும் கீழே தள்ளுகிறது. பகலில் வெயிலில் உழைத்த உடம்பு இரவில்தான் தேற வேண்டும். அந்த இரவும் சூடாகவே கழிந்தால் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். 1901 முதல் எடுக்கப்பட்ட கணக்கில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலை என்றதும் நாம் சாலையையும் வயலையும்தான் நினைக்கிறோம். மொட்டைமாடிக்கு அடியில் படுத்திருப்பவரையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பழைய வீடுகள் குளிர்ச்சியாக இருந்தனவே என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தன, ஆனால் காரணத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஓட்டு வீட்டில் ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே இருந்த இடத்தில் பொதுவாக மனிதர்கள் படுக்கவில்லை. தானியம், பருத்தி, புளிப்பானை, வேண்டாத சாமான் என்று எதையாவது அங்கே போட்டு வைத்தார்கள். வெயிலின் முதல் அடியை வாங்கிக்கொண்டது அந்த இடம்; அதற்குக் கீழேதான் குடும்பம் வாழ்ந்தது. வசதியானவர்கள் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வேறு வகை. மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, மேலே செங்கலைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் கரைத்த நீரைத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடித்த தளம் அது. முக்கால் அடிக்கும் மேல் கனம் இருந்ததால் வெயில் கீழே வந்துசேர நெடுநேரம் பிடித்தது. வந்து சேரும் வேளையில் வீட்டார் திண்ணையிலோ முற்றத்திலோ மொட்டைமாடியிலோ பாய் விரித்திருந்தார்கள். கூரையின் கனமும் அவர்கள் படுத்த இடமும் சேர்ந்தே அந்தச் சுகத்தைக் கொடுத்தன. இன்று கூரையை மெலிதாக்கிவிட்டு, மச்சில் சாமான் இருந்த இடத்தில் மகனையும் மருமகளையும் குடித்தனக்காரரையும் ஏற்றியிருக்கிறோம். மரத்தின் விலையையும் கூலியையும் பார்த்தால் மெட்ராஸ் டெரஸை மறுபடி கட்டுவது பெரும்பாலோருக்கு நடக்காத காரியம். அது கற்றுத் தந்த பாடத்தை, கான்கிரீட்டின் தலையில் வேறு விதமாக ஏற்ற முடியும்.

அதில் எளியது வெள்ளை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பரப்பு தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மேலே போட்ட அதே கணக்கில் வெள்ளைத் தளத்தை வைத்துப் பார்த்தால் அறைக்குள் இறங்கும் வெப்பம் பாதியாகிறது. வெள்ளைக்கு இன்னொரு குணமும் உண்டு: பகலில் வெயிலைத் திருப்புவதோடு, இரவில் தன் சூட்டை வானத்துக்குத் தாராளமாக விட்டுவிடும். பளபளக்கும் தகரமும் வெயிலைத் திருப்பத்தான் செய்கிறது, ஆனால் உள்வாங்கிய சூட்டை வெளியே விடுவதில் அது கஞ்சம். அதனால்தான் பார்வைக்கு மின்னும் தகரக் கூரை கொதிக்கிறது. சுண்ணாம்போடு வெள்ளை சிமெண்டும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்து, தளத்தை நன்றாகப் பெருக்கிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று பூச்சு அடிப்பது நம் ஊரில் பலரும் அறிந்த முறைதான். கையில் பணம் இருந்தால் குளிர்கூரைப் பெயிண்டோ வெள்ளை ஓடோ போடலாம். ஓடு போடுகிறவர்கள் சொரசொரப்பானதாகப் பார்த்து எடுக்க வேண்டும். வழவழப்பான ஓடு மழையில் வழுக்கிவிடும்.

வெள்ளையைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளைத் தள்ளிவிட முடியாது. ஒரு வருஷத்தில் அழுக்காகிவிடும் என்பது உண்மை. புழுதியும் பாசியும் ஏறினால் அதன் பலன் கணிசமாகக் குறையும். ஆனால் விருதுநகர் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. மழை கழுவிக்கொண்டு போனதை மாசியில் ஒரு பூச்சு அடித்துச் சரிசெய்தால், பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்துக்கும் தளம் புதுசாக இருக்கும். பொங்கலுக்குச் சுவரில் அடிக்கும் வெள்ளையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து மாடிக்கு ஒதுக்குவது பெரிய சுமையல்ல. கண் கூசும், அக்கம்பக்கத்து மாடிக்காரர்களுக்குத் தொந்தரவு என்பது இரண்டாவது குறை. சுண்ணாம்புப் பரப்பு கண்ணாடிபோல ஒரே திசையில் ஒளியைத் தெறிக்காது, சிதறடிக்கும். பக்கத்தில் நம்மைவிட உயரமான வீடு இருந்தால் மட்டும், அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரைக் கொஞ்சம் உயர்த்தவேண்டி வரலாம். வடகமும் வற்றலும் மிளகாயும் காயப்போடும் இடமாயிற்றே என்றால், வெள்ளைத் தளத்தில் துணி விரித்துப் போட்டாலும் அவை காயத்தான் செய்யும். மொட்டைமாடியை வெறும் கூரையாக மட்டும் பார்க்கக்கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அது வீட்டின் இன்னொரு முற்றம். அதைப் புழங்க முடியாமல் செய்யும் எந்த வழியும் இங்கே நிலைக்காது.

வெள்ளையைவிட ஒரு படி மேலே போவது நிழல். தளத்துக்கு மேல் ஆறேழு அடி உயரத்தில் ஒரு மறைப்பு, நாலு பக்கமும் திறப்பு. வெயில் மறைப்போடு நின்றுவிடும், நடுவில் ஓடும் காற்று அதன் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். மலையடிவாரம் நெடுகத் தென்னந்தோப்புகள் இருக்கும் இந்தப் பகுதியில் கிடுகுக்குப் பஞ்சமில்லை. கிடுகுப் பந்தலுக்கு அடியில் உள்ள தளம் மதியத்தில்கூடக் கால் வைக்கக் கூடியதாக இருக்கும். இரண்டு வருஷத்தில் மாற்றவேண்டும், தீப்பிடிக்கும், ஆடிக்காற்றில் பிய்த்துக்கொண்டு போகும் என்ற மூன்று குறைகளும் அதற்கு உண்டு. வீடுகள் ஒட்டி நிற்கும் தெருவில், தீபாவளி வெடி பறக்கும் ஊரில், கிடுகைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்ய முடியாது. கோடைக்குப் போட்டுவிட்டு ஐப்பசிக்கு முன் பிரித்துவிடுவதே நல்லது. அந்த இடத்தைத்தான் இப்போது தகர ஷீட்டுக் கொட்டகை பிடித்திருக்கிறது. நாலு பக்கமும் திறந்திருக்கும் வரை அதுவும் கீழே உள்ள அறைக்கு நன்மையே செய்யும். ஆனால் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் ஷீட் என்று அடைத்து, அதையே அறையாக்கி வாடகைக்கு விட்டால் ஊரிலேயே மோசமான அறை அதுவாகத்தான் இருக்கும். கூரைமேல் சூரியத் தகடு வைப்பவர்களுக்கு இந்த நிழல் இலவசமாகவே கிடைக்கிறது. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தின் மானியத்தில் தகடு பொருத்துகிறவர்கள், தகட்டைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல், காற்றோட இடம் விட்டு உயர்த்தி, படுக்கையறைக்கு மேலே வரும்படி வைக்கச் சொல்லலாம்.

மூன்றாவது வழி, வெப்பம் கடக்க முடியாத ஓர் அடுக்கைத் தளத்தின் தலையில் வைப்பது. கான்கிரீட் தளத்தின் மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கம் சமீபகாலம் வரை எல்லாக் கொத்தனார்களுக்கும் கைவந்ததாக இருந்தது. இப்போது சிக்கனம் என்ற பெயரில் அதைத் தவிர்த்து, வெறும் சிமெண்ட் பூச்சோடு முடித்துவிடுகிறார்கள். மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளியில் சாந்து நிரப்பும் முறையும் உண்டு. சட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் அங்கே தடுப்பு. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கழித்துப்போட்ட ஓடுகளைத் தளத்துக்குள்ளேயே வைத்துக் கான்கிரீட் வார்க்கும் முறையைப் பரவலாக்கினார். அது சிமெண்டையும் மிச்சப்படுத்தியது, சூட்டையும் ஓரளவு குறைத்தது. வீடுகளுக்காக மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரை கடத்தும் வெப்பம் சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 1.2 வாட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளம் கடத்துவது மூன்று வாட்டுக்கும் மேல். ஒன்றரை அல்லது இரண்டு அங்குல நுரைப்பலகையைத் தளத்தின் மேல் வைத்து, அதன்மேல் சாந்தும் ஓடும் போட்டால் இந்த அளவுக்குள் வந்துவிடலாம்.

இங்கே ஒரு கேள்வி எழும். கூரையை இப்படி மூடிவிட்டால் இரவில் வீட்டுச் சூடு மேலே போக முடியாமல் அடைபடாதா? நியாயமான கேள்விதான். வெறும் தளம் இரவில் வானத்துக்குச் சூட்டை விடுவது உண்மை. தடுப்பு வைத்தால் அந்த வழியும் பெரும்பாலும் அடைபடும். ஆனால் பகலில் உள்ளே வரும் வெப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டபின், இரவில் வெளியேற வேண்டியதும் குறைவுதான். அதை ஜன்னல் பார்த்துக்கொள்ளும், ஜன்னல் திறந்திருந்தால். தடுப்பைத் தளத்துக்கு மேலே வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். மேலே வைத்தால் இரண்டரை டன் கான்கிரீட்டும் வெயில் படாமல் அறையின் பக்கம் நிற்கிறது. இரவுக் காற்றில் குளிர்ந்து, பகலில் அந்தக் குளிர்ச்சியைத் தருகிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டுக் கீழே தடுத்தால் கான்கிரீட் முழுக்கச் சூடாகி, நம் தலைக்கும் அதற்கும் நடுவில் ஒரு அட்டை மட்டும் நிற்கும். பலன் இல்லாமல் இல்லை; ஆனால் அறையின் உயரமும் குறையும், விசிறியும் தாழும். மலிவு என்று தெர்மோகோலை அடியில் ஒட்டுகிறவர்கள், தீப்பிடித்தால் அது விடும் புகையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் தெளிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம், அறிவியலுக்கு முழுக்கப் பொருந்துவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. தளத்தில் சேர்ந்திருக்கும் 10 யூனிட்டை ஒரு வாளித் தண்ணீர், அதாவது 15 லிட்டர், கணக்குப்படி கொண்டுபோய்விடும். நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும். ஆவியாகும் தண்ணீர்தான் இந்த வேலையைச் செய்யும், குழாய் வழியாக வழிந்து ஓடுவது வீண். ஆகையால் குடம் குடமாகக் கொட்டுவதைவிட, பழைய சாக்குகளை விரித்து நனைத்து வைப்பது மேல். வானம் பார்த்த மாவட்டத்தில் இதற்கு நல்ல தண்ணீரைச் செலவழிக்கச் சொல்ல மனம் வராது. துணி அலசிய கடைசித் தண்ணீர் போதும். தளத்தில் வெடிப்பு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உள்ள கம்பி துருப்பிடிக்கும்.

வெக்கையை மேலே நிறுத்திய பிறகுதான் காற்றுக்கு வேலை. மேற்கே மலை இருப்பது இந்த ஊர்களுக்கு வாய்த்த சொத்து. ஆனி, ஆடியில் மேகாத்து வீசுகிறது. மற்ற நாட்களிலும் இரவு ஏற ஏற மலைச்சரிவின் குளிர்ந்த காற்று அடிவாரத்துக்கு இறங்குகிறது. ஆனால் மேற்குச் சுவரில்தான் சாயங்கால வெயிலும் அடிக்கிறது. அதனால் பலர் மேற்கில் ஜன்னலே வைப்பதில்லை, வைத்தாலும் திறப்பதில்லை. ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு தட்டியைத் தொங்கவிட்டால் வெயில் நிற்கும், காற்று வரும். திரையை உள்ளே மாட்டினால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தபிறகுதான் தடுக்கப்படுகிறது. காலை எட்டு மணிக்கு ஜன்னலை மூடுவது, வெளியே குளிர்ந்ததும் திறப்பது, மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டின் உச்சிக் கதவை இரவில் கம்பிக்கதவோடு திறந்து வைப்பது ஆகிய மூன்றும் செலவில்லாதவை. வீட்டுக்குள் தேங்கிய சூடு படிக்கட்டு வழியாக மேலேறி வெளியேற, கீழ் ஜன்னல்கள் புதுக்காற்றை இழுக்கும்.

இவ்வளவு எதற்கு, ஏசிதான் இப்போது தவணையில் கிடைக்கிறதே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நோயாளியும் முதியவரும் இருக்கும் வீட்டில், காற்றே சூடாக வீசும் நாட்களில், ஏசி தேவைதான். ஆனால் கூரையைக் கவனிக்காமல் மாட்டிய ஏசி நாள்தோறும் கூரைக்காக ஓடுகிறது. ஒரு டன் ஏசி இரவு எட்டு மணிநேரம் ஓடினால் ஐந்திலிருந்து எட்டு யூனிட் வரை ஆகும். இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட்டைத் தாண்டும். முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக விலை ஏறும் என்றிருக்கும் நம் கட்டண முறையில், இந்த 300-ம் ஏறிய விலையில்தான் வந்து விழும். கரண்ட் போனாலோ, அடுத்த சில நிமிஷத்தில் தளம் தன் சூட்டை இறக்கத் தொடங்கிவிடும். வெள்ளையடித்து, நிழல் போட்டு, அதன்பிறகு ஏசி வாங்குகிறவருக்குச் சின்ன ஏசி போதும், குறைந்த நேரம் ஓடினாலும் போதும்.

எல்லாவற்றிலும் கடினமான தடை கட்டடத்தில் இல்லை, உடைமையில் இருக்கிறது. இந்த ஊர்களின் மாடி வீடுகளில் பல, மில்லுக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டவை. வீட்டுக்காரர் கீழே இருக்கிறார், வெக்கை அவரைத் தொடுவதில்லை. குடித்தனக்காரருக்கு மொட்டைமாடியில் உரிமையில்லை, கரண்ட் பில் மட்டும் அவருடையது. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்களில், ஷீட்டுக் கூரைக்கு அடியில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும் கூரைமேல் எந்த அதிகாரமும் கிடையாது. தனிமனிதரின் நல்ல மனசை மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது. 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,300-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கூடுதலாகப் பறிகொடுத்த அகமதாபாத், 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்து, பிறகு ஏழைகளின் குடியிருப்புக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் வேலையையும் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை கொண்டுவந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் நகராட்சிகள். புதிதாக மாடி எடுக்க வரைபட அனுமதி கேட்டு வருகிறவரிடம், தளத்துக்கு மேல் என்ன அடுக்கு போடப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வியைச் சேர்க்க நகராட்சியால் முடியும். அங்கன்வாடி, நகராட்சிப் பள்ளி, தறிக்கூடம் ஆகியவற்றின் கூரைகளுக்கு மாசி முடிவதற்குள் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்ய முடியும். வாடகை பேசும்போது, அட்வான்ஸும் தண்ணீரும் கேட்கிறவர்கள் மாடியில் வெள்ளை அடித்துத் தருவீர்களா என்றும் கேட்கலாம். ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு நாள் கூலியும் மறுப்பதற்குரிய பெரிய தொகை இல்லை.